விளக்கேற்ற ஒரு கை

நிகழ்ச்சி நிரல் மூன்றாவது முறையாகவும் திரும்பி வந்திருந்தது.

இரத்தினேஸ்வரி அதைக் கையில் எடுக்கவில்லை. மேசையில் கிடந்தபடியே குனிந்து பார்த்தாள். ‘மங்கள விளக்கேற்றல்: டொக்டர் கதிரவேல்’ என்று அவள் அடித்திருந்த வரியில் பெரிய டொக்டர் தன் பெயரைக் கோணல்மாணலாக வெட்டி, பக்கத்தில் அவள் பெயரைக் கிறுக்கியிருந்தார்.

“சேர் என்ன சொன்னவர்?” என்று, தாளைக் கொண்டுவந்த ஜவாஹிரிடம் கேட்டாள். நரம்பியல் பிரிவின் சிற்றூழியர் அவர். கோப்பு சுமப்பதிலிருந்து தேத்தண்ணி போடுவதுவரை எல்லாம் அவர்தான்.

“இந்த யூனிட்டுக்கு மூத்த ஆள் மிஸ்தானாம். நீங்கதான் ஏத்தோணுமாம்.”

“நான் கிளார்க். நான் ஏத்தினா ஆக்கள் சிரிப்பினம்.”

“அதையும் சொன்னன். கேக் வெட்டுறதும் பொன்னாடை போடுறதும் நீங்கதானாம் எண்டுட்டார். இன்னும் ஏதும் சொன்னா நன்றியுரையையும் தந்திருவார் மிஸ். நான் ஓடி வந்துட்டன்.”

மறுநாள் மாலை பாராட்டு விழா. நரம்பியலில் பயிற்சி பெற்ற மூன்று டொக்டர்மாரும் இறுதிப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறியிருந்தார்கள். அதற்கு மேலாகவும் ஆளுக்கொரு காரியம் செய்திருந்தார்கள். கிண்ணியாவைச் சேர்ந்த இன்ஷிரா, மூதூர்ப் பக்கத்துப் பக்கவாத நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் எந்தெந்த இடத்தில் எத்தனை நிமிடம் வீணாகிறது என்று ஆராய்ந்து, அதைப் பாதியாகக் குறைக்க வழி சொன்னவள். அந்தக் கட்டுரைக்கு வெளிநாட்டில் பரிசும் கிடைத்தது. இராகுலன் சனிக்கிழமைகளில் கட்டைபறிச்சானுக்குப் போய் வலிப்பு நோயாளிகளுக்குக் கிளினிக் நடத்தினான். வலிப்பு வந்தவரின் கையில், இரும்பு பட்டால் அடங்கும் என்று திறப்புக்கோர்வையைத் திணிப்பதை அந்த ஊரில் பலர் நிறுத்தியதற்கு அவன்தான் காரணம். கௌசிகா வாய் திறக்காதவள். ஞாபகசக்தியைச் சோதிக்கிற தாளில் காண்டாமிருகத்தின் படத்தைக் காட்டிக் கிளிவெட்டி விவசாயியிடம் பெயர் கேட்பது அநியாயம் என்று, அந்தத் தாளையே எருமையும் மண்வெட்டியுமாக மாற்றி எழுதியவள்.

இவர்களுக்கு விழா எடுக்கவேண்டும் என்று முதலில் சொன்னவளே இரத்தினேஸ்வரிதான். அப்போது அவளுடைய வலக்கை நடுங்கத் தொடங்கியிருக்கவில்லை.

இரண்டு மாதமாகத்தான். கோப்பையைத் தூக்கினால் நடுங்கியது. பூட்டுக்குள் திறப்பைப் போட்டால் நடுங்கியது. அவளுடைய அப்பாவுக்கு நடுக்குவாதம் இருந்தது. கடைசி மூன்று வருடம் அவருக்குச் சோறு ஊட்டியவள் அவள்தான்.

சுற்றிவர நரம்பு டொக்டர்மார் இருக்கையில் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? அதை அவள் தன்னிடமே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள். ஆறு வருடமாக மேசைக்கு இந்தப் பக்கத்தில் இருந்து இலக்கம் கூப்பிடுகிறவள் அவள். கேட்டால், ஒரே நாளில் நோயாளிகள் வரிசையாக இருக்கிற அந்தப் பக்கத்து வாங்குக்குப் போகவேண்டி வரலாம். யாராவது நோயின் பெயரைச் சொல்லும்வரைக்கும் அது வெறும் கை.

ஆனால் பெரிய டொக்டருக்குத் தெரிந்துவிட்டதோ? விளக்கு, பொன்னாடை, கேக், எல்லாமே கையால் செய்கிற வேலை. அவர் பாடம் நடத்துவதும் அப்படித்தான். “நோயாளியைக் கேள்வி கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. ஒரு வேலையைக் குடுத்திட்டுப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ” என்பார்.

அந்தப் பாடங்களை அவளும் கேட்டிருக்கிறாள். நடுக்குவாதக்காரர் கைவீசி நடக்கமாட்டார். முகத்தில் சிரிப்புக் குறையும். எழுத்துச் சிறுத்துப்போகும். ஆகவே விழா நாள் காலையிலிருந்தே அவள் இரண்டு கைகளையும் நன்றாக வீசி நடந்தாள். சுவரைத் தவிர எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். கதிரைகளில் ஒட்டுவதற்கான பெயர்களை ஆகப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

“மிஸ், எலெக்சன் கேக்கப் போறீங்களா?” என்றார் ஜவாஹிர்.

“ஏன்?”

“கையை வீசுறீங்க. காணுற ஆளுக்கெல்லாம் பல்லைக் காட்டுறீங்க. ‘இராகு’ ஒரு கதிரையில இரிக்கி, ‘லன்’ மத்தக் கதிரையில இரிக்கி. அந்தப் புள்ள எதில இருக்கிற?”

விளக்குக்கு மட்டும் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மணவறை சோடிக்கிற கடையில், சுவிட்சைத் தட்டினால் ஐந்து முகமும் எரிகிற குத்துவிளக்கு இருந்தது. பெரிய டொக்டருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அவருக்கு வந்த சந்தோசம் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

“அருமையான யோசனை மிஸ்! அருமை! எண்ணெய் சிந்தாது, நெருப்பில்லை. ஆரும் தட்டலாம்.”

மேல்மாடி மண்டபத்தில் மாலை மூன்று மணிக்குச் சனம் கூடியது. யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கப்பலொன்று அசையாமல் நின்றது. இரத்தினேஸ்வரி கைவீசிப் போய், சிரித்தபடி சுவிட்சில் விரலை வைத்தாள். கரண்ட் நின்றது.

“கவலைப்படாதீங்க மிஸ்!” ஜவாஹிர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “வாட்டுச் சாமிப்படத்தடியில இருந்த வெளக்கை எண்ணெ ஊத்தித் திரி போட்டு ரெடியா வச்சிரிக்கன்.”

அவருக்குப் பொறுப்பு அதிகம். அன்றைக்கு அவள் அதை முதன்முதலாக வெறுத்தாள். எரிகிற மெழுகுதிரியைக் கொண்டுவந்து, பெரிய டொக்டருக்கும் அவளுக்கும் சரி நடுவில் அவர் நீட்டினார்.

“சேர், நீங்கள்தான் ஏத்தோணும்.”

“சீச்சீ. மிஸ் நிக்கேக்க நானோ?”

“நீங்களல்லோ இந்தப் பிள்ளையளுக்குக் குரு.”

“நீங்கள் எல்லாருக்கும் அம்மா மாதிரி.”

“சேர், நீங்கள் என்னைவிட ரெண்டு வயது மூப்பு!”

சபை சிரித்தது. கதிரவேல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் சேலைத் தலைப்பை வலக்கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“ஆராவது வாங்குங்களேன்,” என்றார் ஜவாஹிர், “மெழுகு கையில கொட்டுது.”

“பிள்ளையளே ஏத்தட்டும்!” என்று அவள் கத்திவிட்டாள். “இண்டைக்கு அவையின்ர நாள்.”

மூவரும் மேடைக்கு வந்து ஏற்றினார்கள். பாராட்டுப் பெறுகிறவர்களே விளக்கேற்றுவது புதுமை என்று சபையோர் பலமாகக் கைதட்டினார்கள். எல்லோரிலும் பலமாகத் தலையாட்டியவர் பெரிய டொக்டர். பிள்ளைகளைப் பெற்றவர்களே பொன்னாடை போர்த்தட்டும் என்று அடுத்ததையும் தள்ளிவிட்டாள். இன்ஷிராவின் உம்மா மகளைப் போர்த்திவிட்டு அழுதார். அதற்கும் கைதட்டல்.

தான் எழுதிவைத்திருந்த வாழ்த்துரையை மட்டும் யாரிடமும் தள்ள ஏலவில்லை. கரண்ட் இல்லை, மைக் இல்லை. ஆகவே அவள் மைக் மேசையை விட்டு முன்னுக்கு வந்து, தாளைக் கையில் பிடித்து வாசிக்கவேண்டியிருந்தது. தாள் படபடத்தது. காற்றும் இல்லாத மண்டபத்தில் அது மட்டும் படபடத்தது. முன்வரிசையில் மூன்று தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. அவள் தாளை இடுப்பில் செருகிவிட்டு மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள்.

“டொக்டர் இராகுலன், கட்டைபறிச்சானிலே காண்டாமிருகங்களுக்கு வலிப்பு கிளினிக் நடத்தி…”

மண்டபம் குலுங்கியது. “காண்டாமிருகம் நேரத்துக்குக் குளிசை போட்டதோ?” என்று யாரோ கேட்டார்கள். அவள் தாளில் எழுதாத ஒன்றைச் சொன்னாள்.

“எனக்கு ஒழுங்காப் பேசத் தெரியாது. ஆனா ஒண்டு சொல்லுறன். நான் இலக்கம் சொல்லித்தான் ஆக்களைக் கூப்பிடுறனான். இந்த மூண்டு பேரும் வந்தாப்பிறகுதான், உள்ளுக்குப் போன ஆக்கள் ‘என்ர பேரைக் கேட்டவை’ எண்டு சொல்லிக்கொண்டு வெளிய வந்தவை. பரீட்சையில அதுக்குப் புள்ளி குடுத்தவையோ தெரியாது. நான் குடுக்கிறன்.”

சிரிப்பு நின்றது. இராகுலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இத்தோடு முடிந்துவிடும் என்று அவள் நம்பிய அந்த நேரத்தில் ஜவாஹிர் கேக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மூளை வடிவத்தில் கேக் வேண்டும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். பேக்கரிக்காரர் பாடுபட்டிருந்தார். இளஞ்சிவப்பு நிறத்தில், ஒருபக்கம் சரிந்து, பிளந்த பலாப்பழம்போல் இருந்தது.

“சேர் வெட்டுங்கோ,” என்றாள் அவள்.

“நானோ? நான் நரம்பு டொக்டர். மூளையில கத்தி வைக்கிறது சத்திரசிகிச்சைக்காரரின்ர வேலை. மிஸ் வெட்டட்டும்!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. மறுக்க இடமில்லை. இரண்டு கைகளாலும் கத்தியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது இரண்டு கையும் நடுங்குவதாகப் பட்டது. கத்தி நேரே போகவில்லை. ஒரு நெளிவு, இன்னொரு நெளிவு, மூளையின் இடப்பக்கம் முழுக்க அலை அலையாகக் கோடு விழுந்தது. மூன்று டொக்டர்மாரும் நெருங்கி வந்தார்கள். ஒருவரும் கேக்கைப் பார்க்கவில்லை.

“கண்ணுக்க தூசு,” என்று சொல்லிவிட்டு அவள் கீழே ஓடினாள். இந்த முறை கைவீச மறந்துபோனாள்.

ஆளில்லாத கிளினிக்கில் அவள் தன் கதிரைக்குப் போகவில்லை. நோயாளிகளின் வாங்கிலேயே இருந்துவிட்டாள். மூவரும் வந்து முன்னால் நின்றார்கள்.

“மிஸ், கையை நீட்டுங்க,” என்றாள் இன்ஷிரா.

“அது களைப்பு, பிள்ளை.”

“சரி. அந்தக் களைப்பை நீட்டுங்க.”

நீட்டினாள். மடியில் வைக்கச் சொன்னாள் இன்ஷிரா, வைத்தாள். இராகுலன் அவள் மணிக்கட்டை மெல்ல மடக்கி விரித்தான். தாளில் வட்டம் கீறச் செய்தார்கள். நடக்கச் சொன்னார்கள்.

“இயல்பா நடவுங்கோ மிஸ்,” என்றான் இராகுலன். “காலமை தொடக்கம் பரேட்டெல்லோ நடந்தனீங்கள்.”

“அப்பாக்கு நடுக்குவாதம்.” கடைசியில் அவள் சொல்லிவிட்டாள்.

“அவர்ர கை எப்ப நடுங்கினது?” என்று கேட்டான் இராகுலன்.

“சும்மா மடியில வைச்சுக்கொண்டிருக்கேக்க. கோப்பையைப் பிடிச்சா கொஞ்சம் நிக்கும்.”

“உங்களுக்கு மறுவளம். மடியில வச்சா நிக்கிது, தூக்கினா நடுங்குது. இறுக்கமும் இல்ல, நடையும் நல்லம்.” இன்ஷிரா அவள் பக்கத்தில் அந்த வாங்கிலேயே இருந்தாள். “இது நடுக்குவாதம் இல்ல மிஸ். கனபேருக்கு வாற சாதாரண நடுக்கம். நாளைக்கு ரத்தமும் ஒருக்காப் பாப்பம். தேவையெண்டாக் குளிசை இரிக்கி. ஓய்வு பெறும் வரைக்கும் நீங்க இலக்கம் கூப்பிடலாம்.”

இரத்தினேஸ்வரிக்கு முதலில் மூச்சு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. காலையிலிருந்து சிரித்த சிரிப்பைப்போல் அது இருக்கவில்லை. இரண்டு மாதமாக அந்தக் கையை வேறு யாருடையதோபோல ஒளித்துக்கொண்டு திரிந்தாள். இப்போது அதை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய கைதான்.

“உங்களுக்கு இப்பதான் தெரியும்,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனா பெரிய சேர் எப்பவோ கண்டுபிடிச்சிட்டார். அதுதானே விளக்கையும் கேக்கையும் என்ர தலையில கட்டிப்போட்டு என்னைச் சோதிச்சுக்கொண்டு நிண்டவர்!”

இன்ஷிராவும் இராகுலனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்று முழுக்க வாய் திறக்காத கௌசிகா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“சேர் உங்களைப் பாக்கவே இல்லை மிஸ். அவருக்கும் இதே நடுக்கம்தான், ஒண்டரை வருசமா எங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சு ஒளிச்சுக்கொண்டு திரியிறார்.”