மாடியில் மிச்சமிருந்த பாதி

“பாதிதாங்க போயிருக்கு! இன்னும் பாதி உள்ளயே இருக்கு!”

“பாதி போச்சுல்ல? அப்ப பாதி சமையலாவது செய்யலாம்ல! கொழம்ப நான் பாத்துக்கறேன், ரசத்துக்கு மட்டும் எறங்கி வா!”

மாடியிலிருந்து அன்னபூரணியும் படிக்கட்டின் அடியிலிருந்து அவள் புருஷன் திருஞானசம்பந்தமும் போட்ட சத்தத்தில், தருமபுரத்தில் அந்தத் தெருவே காப்பியை ஆறவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அன்னபூரணிக்குத் தைராய்டு. எதிர்வீட்டு நர்ஸ் அல்லிதான் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனாள். வரிச்சிக்குடி வயலில் நாற்றுவிடுகிற வேலை இருந்ததால் புருஷன்காரர் போகவில்லை. திரும்பி வந்த அன்னபூரணி வாசலிலேயே நின்றாள்.

“அயோடின்ல ரேடியேஷன் வச்சுக் குடுத்திருக்காங்க. யாரும் கிட்ட வராதீங்க. அதுக்கு ஹாஃப் லைஃப் எட்டு நாளு.”

அறிவித்துவிட்டு, சென்னையில் வேலை பார்க்கும் மகனுடைய மாடி அறைக்கு ஏறியவள்தான். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியை விட்டு நகராத பெண்பிள்ளை!

எட்டு நாள்தானே என்று அவரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கெடு முடிந்த மறுநாள் காலை இறங்கச் சொன்னால், பாதிதான் போயிருக்கிறது என்கிறாள்.

வழக்கைத் தீர்க்க அடுத்த வீட்டு டைட்டஸைக் கூப்பிட்டார். டைட்டஸ் காலேஜில் பிசிக்ஸ் வாத்தியார். சந்தேகம் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் சட்டையை மாட்டக்கூட மறந்துவிடுவார். அன்றும் மறந்துதான் வந்தார்.

“அண்ணே, ஹாஃப் லைஃப்னா மொத்தமும் தீந்துபோற காலம் இல்ல. இருக்கறதுல பாதி அழியிற காலம். எட்டு நாள்ல பாதி. அடுத்த எட்டு நாள்ல அந்தப் பாதியில பாதி. அப்புறம் அதுலயும் பாதி.”

“முழுசா எப்ப தீரும்?”

“கணக்குப்படி பாத்தா தீரவே தீராது.”

மேலே கைதட்டாத குறை. “சார் சொன்னது காதுல விழுந்துச்சாங்க?”

“ஆனா அண்ணே, நெறைய தண்ணி குடிச்சா ஒடம்பே வெளிய தள்ளிடும். டாக்டர் சொன்ன நாள் முடிஞ்சா போதும், பயமே இல்ல” என்று டைட்டஸ் மிச்சத்தையும் சொன்னார். தீரவே தீராது என்ற பிறகு மிச்சத்தை யார் கேட்கிறார்கள்? திருஞானசம்பந்தம் மாடியை அண்ணாந்து பார்த்தார். இனி அவள் இறங்கவே மாட்டாளா?

தண்ணீர் என்ற ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார். இளநீர், பார்லிக் கஞ்சி, நன்னாரி சர்பத் என்று படியில் கொண்டுபோய் வைத்தார். இத்தனையும் குடிப்பதற்குப் பொழுது போக வேண்டாமா? டிவியும் மாடி ஏறியது.

ஓட்டல் சாப்பாடு அவர் வயிற்றைக் கலக்கிவிட்டது. தாமே சமைக்கப் போனார். பருப்பு குக்கரைத் தாண்டிக் கூரையில் ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் திருமலைராயன்பட்டினத்திலிருந்து மச்சினி லோகாம்பாளை வரவழைத்தார். “அக்காவத் தள்ளி நின்னு பாத்துட்டு வந்து சமைக்கிறேன்” என்று மேலே போனாள் அவள். டிவியில் சீரியல் மாறுகிற சத்தம் கேட்டது. ஆளைக் காணோம்.

“லோகா, எறங்கும்மா. ஒல வைக்கணும்.”

“எப்படி எறங்கறது அத்தான்? அக்கா பக்கத்துலயே உக்காந்துட்டேனே. பாதி இல்லேன்னாலும் பாதியில பாதியாவது எனக்கும் வந்திருக்கும்!”

“அது ஒட்டிக்கிற சமாச்சாரம் இல்லீங்க!” மதில்மேல் ஏறிக் கத்தினார் டைட்டஸ்.

“அப்ப மேல வந்து, பக்கத்துல நின்னு சொல்லுங்க சார்!”

டைட்டஸ் மதிலிலிருந்து இறங்கிவிட்டார்.

ஆகமொத்தம் சமைக்க ஆள் தேடப்போய், இப்போது மாடியில் இரண்டு பேருக்கும் சேர்த்து இவரே சமைக்க வேண்டியதாயிற்று. மேலேயிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. “புளிய இன்னுங் கரைங்க!” “நுரை கட்டுனதும் எறக்கிடணும், கொதிக்க விட்டுடாதீங்க!” நாளாக ஆக ரசத்தில் ஒரு வாசனை வர ஆரம்பித்தது. தெருவுக்கும் வந்தது, பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

ஒரு சாயங்காலம் அடுப்பைத் துடைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

“அன்னம்... இத்தன வருசமா இத எப்படி ஒத்த ஆளா செஞ்ச?”

மேலே டிவி சத்தம் நின்றது.

“உள்ள இருக்கறது இருந்துட்டுப் போவுது. நீ நல்லாருந்தா எனக்குப் போதும். அடுப்ப நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழா. பட்டுப்புடவை சரசரக்க அன்னபூரணி கீழே இறங்கி வந்தாள்.

“ஏன்... அந்த மிச்சம்?”

“அது கெடக்கு. அம்மையாரப் பாக்க வேணாமா? கெளம்புங்க.”

ஊர்வலத்தில் இறைத்த மாம்பழங்களில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் சேர்ந்து வீடு திரும்பியதைத் தெருவே பார்த்தது. லோகாம்பாள் மனசில்லாமல் பட்டினத்துக்கு பஸ் ஏறினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் காலைச் சமையல் அன்னபூரணியுடையது, ராத்திரிச் சமையல் அவருடையது.

ஆவணியில் அல்லிக்கு வில்லியனூர் மாப்பிள்ளையோடு கல்யாணம். அதோடு வேலையையும் அங்கேயே மாற்றிக்கொண்டு போகிறாள். பத்திரிகை கொடுக்க அவள் வந்த நேரம் அன்னபூரணி கோயிலுக்குப் போயிருந்தாள். திருஞானசம்பந்தம் தாமே கடைக்குப் போய் எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையைத் தட்டில் வைத்து நீட்டினார். கண் கலங்கிவிட்டது.

“நீ மட்டும் கூட்டிக்கிட்டுப் போகலன்னா அந்த மருந்து அவளுக்குக் கெடச்சிருக்குமா? அவளையும் எனக்குத் திருப்பிக் குடுத்த, அவ பட்ட பாட்டையும் எனக்குக் காட்டிக் குடுத்த. ஒன்னக் கையெடுத்துக் கும்பிடணும்மா.”

அல்லி தட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புடவை கனத்திருக்க வேண்டும்.

“மாமா... அந்த மருந்தே வேணாம், மாத்திரை போதும்னு டாக்டர் அன்னிக்கே அனுப்பிட்டாரு. பஸ்ஸுக்கு நேரம் கெடந்துச்சுன்னு, ஹாஃப் லைஃப்னா என்னன்னு அங்க செவுத்துல ஒட்டியிருந்ததத்தான் அத்தை நின்னு நிதானமாப் படிச்சுட்டு வந்தாங்க.”