அக்கா பெயரை அந்தக் கதவில் எழுத வேண்டாம்

அன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்றுதான் தொடங்கினேன். 'யாவரும்' என்று எழுதி முடித்த பிறகுதான், இப்போது இந்த வீட்டில் நான் ஒருவனே இருக்கிறேன் என்பது உறைத்தது. ஒரே ஆளை யாவரும் என்று எழுதலாமா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல உங்கள் அக்காவும் இல்லை. ஆகவே, நான் நலம். நாற்காலிகள் நலம். சமையலறைக் குழாய் மட்டும் சொட்டுகிறது. தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. தலைநகரில் தாங்கள் வேலை செய்யும் அமைச்சர் அலுவலகத்திலிருந்து நேற்றுத் தொலைபேசியில் பேசினீர்கள். எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் உள்ள டயாலிசிஸ் அறைக்கு அக்காவின் பெயரை வைக்க எல்லாரும் விரும்புகிறார்கள், அத்தானின் சம்மதம் மட்டும்தான் பாக்கி என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் இருந்திருந்தால் அந்த லைனைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள். என் பதில் இதுதான்: வேண்டாம். ஏன் வேண்டாம் என்று நீங்கள் கேட்பீர்கள். இறுதி ஊர்வலத்துக்கு நீங்கள் வந்திருந்த அன்றைக்கு இருந்த கூட்டத்தில் எதையும் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்க அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் கைவிட்டதுலேர்ந்து வாரத்துக்கு மூணு நாள் பெரிய டவுனுக்குப் பஸ்ல போயிட்டு வந்தோம்னு உங்களுக்குத் தெரியும். நான் ஒரு காலத்துல அதே ரூட்ல பஸ் ஓட்டினவன். அதனால பயணி சீட்டுல உட்கார்ந்தா எனக்கு வலது கால் சும்மா இருக்காது, டிரைவர் பிரேக் போடறதுக்கு முன்னாடி நான் போட்டுருவேன். கியரை இப்படியா மாத்துறதுன்னு முணுமுணுப்பேன். "வண்டியை அவர் ஓட்டட்டும், நீங்க வெளியே பாருங்க"ன்னு உங்க அக்கா சொல்லுவா. போகும்போது அவ என்னைக் கிண்டல் பண்ணுவா. திரும்பி வரும்போது பேச மாட்டா, என் தோள்ல சாய்ஞ்சு கண்ணை மூடிக்குவா. மேடு பள்ளம் வந்தா நான் தோளைத் தூக்கிப் பிடிச்சுக்குவேன். அது மட்டும்தான் என்னால முடிஞ்ச வைத்தியம்.

ஒருநாள் அப்படி வரும்போது கண்ணைத் திறந்து, "இந்த மெஷினை நம்ம ஊருக்குக் கொண்டு வந்துட்டா என்ன?"ன்னு கேட்டா. ஏதோ மிக்ஸி வாங்கற மாதிரி கேட்டா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

எங்க ஊர்ல ரெண்டு பிரார்த்தனை மன்றம் இருக்கறது தெரியுமில்லையா? ரெண்டுக்கும் ஒரே கடவுள்தான், மைக் செட்டுதான் வேற. ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பி வைக்கறதுங்கற தகராறுல ஒரே மன்றம் ரெண்டாப் பிரிஞ்சுச்சு. பழைய மன்றத்துக்குத் தலைவர் பெரியவர், புதுசுக்கு அவரோட சொந்தத் தம்பி, அவரை நாங்க சின்னவர்னு சொல்றது. ரெண்டு பேரும் தெருவுல எதிர எதிர வந்தா ரெண்டு பேருமே வானத்தைப் பார்த்துக்கிட்டுப் போவாங்க. உங்க அக்கா பெரியவர்கிட்ட போய், சின்னவர் ஒரு மெஷின் வாங்கித் தர்றதாச் சொல்லிட்டார்னா. அடுத்து நேரா சின்னவர்கிட்ட போய், பெரியவர் ஒரு மெஷினுக்கு ஒத்துக்கிட்டார்னா. எக்ஸ்சேஞ்சுல ரெண்டு லைனைச் சேர்த்து விட்டவளுக்கு இது பெரிய வேலையா? உண்டியலைத் தூக்கிக்கிட்டு ரெண்டு மன்றத்துப் பெண்களும் வீடு வீடாப் போனாங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு போனாங்க மாப்பிள்ளை, அதை நான் மறைக்கக் கூடாது. கடவுள் பேரைச் சொல்லித்தான் கேட்டாங்க, கடவுள் பேருக்காகத்தான் ஜனங்களும் கொடுத்தாங்க. என் பேரைச் சொல்லிக் கேட்டிருந்தா ஒரு பழைய ஸ்பேனர்கூடக் கிடைச்சிருக்காது.

மெஷின் ஆச்சு, வைக்க இடம் வேணுமே. அதுக்கு எங்க வார்டு கவுன்சிலரைப் பிடிச்சா. அவருக்கு ஊர்ல நிழற்குடைன்னு பேரு. பஸ் ஸ்டாப்புல ஒரு நிழற்குடை கட்டிக் கொடுத்தார், அதுல கூரையைவிட அவர் பேர் போட்ட பலகை பெருசு. மழை வந்தா நாங்க பலகைக்குக் கீழதான் நிப்போம். ஆனா அவரும் அலைஞ்சார். மருத்துவமனையில பழைய சாமான் போட்டு வச்சிருந்த அறையைக் காலி பண்ண வச்சு, தண்ணி சுத்திகரிக்கற பிளான்ட் போட வச்சு, ஆளைப் போட வச்சு எல்லாம் அவர்தான். டெக்னீஷியனா ஒரு பொண்ணு வேலைக்கு வந்து சேர்ந்தா. மெஷினை ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னா. அன்னைக்கு உங்க அக்கா எனக்குப் பிடிச்சதா பார்த்துப் பார்த்துச் சமைச்சா. அவளுக்கு உப்பு ஆகாது, எனக்கு மட்டும் போட்டா.

அதோட கதை முடிஞ்சிருக்கணும் இல்லையா? அங்கேதான் ஆரம்பிச்சுது. திறப்பு விழாவுல முதல்ல பிரார்த்தனை பண்றது பெரியவரா, சின்னவரான்னு கேள்வி வந்துச்சு. மூத்தவர் முதல்லன்னு ஒரு கட்சி. முதல் மெஷின் வந்து இறங்கினது எங்களோடதுன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணலாமேன்னு டாக்டர் சொன்னார், அன்னைக்குத்தான் அண்ணனும் தம்பியும் பல வருஷத்துக்கு அப்புறம் ஒரே கருத்துக்கு வந்தாங்க, அதெல்லாம் முடியாதுன்னு. அது ஒருவழியா அடங்கறதுக்குள்ள தேர்தல் வந்துச்சு, கல்வெட்டை மூடினாங்க. தேர்தல் முடிஞ்சு ஆட்சி மாறிச்சு, கல்வெட்டுல இருந்த அமைச்சர் மாஜி ஆயிட்டார். நிழற்குடை ஒரு வார இறுதியில கட்சி மாறிட்டார், பஸ் ஸ்டாப்புல பெயின்ட் மட்டும் மாறிச்சு. புதுக் கல்வெட்டு வந்துச்சு. அதுல சின்னவர் பேர் பெரியவர் பேரைவிட ஒரு விரல் அகலம் மேல இருந்துச்சு. திரும்பவும் கொத்தினாங்க.

இதுக்கெல்லாம் நடுவுல அந்த அறை பூட்டியே கிடந்துச்சு. நாங்க பஸ்ஸுக்குப் போற வழியில அக்கா அந்த ஜன்னல்கிட்ட நின்னு உள்ளே பார்ப்பா. பிளாஸ்டிக் உறை போட்டு ரெண்டு மெஷினும் புதுப்பொண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கும். டெக்னீஷியன் பொண்ணு வாரத்துக்கு ஒரு தடவை நிழற்குடைகிட்ட சாவி வாங்கிக்கிட்டு வந்து தண்ணியை ஓட விட்டு, துடைச்சு வச்சுட்டுப் போவா. "நோயாளி இல்லாம மெஷினுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கறேன்"னு சொல்லுவா. ஊர்ல கூட்டத்துக்குக் கூட்டம் வளர்ச்சி வந்துருச்சுன்னு பேசினாங்க. உண்மைதான், வளர்ச்சி வந்துருச்சு. சாவிதான் வரல.

கடைசியில தேதி குறிச்சாங்க. உங்க அக்காதான் முதல் நோயாளின்னு நிழற்குடை வீட்டுக்கே வந்து சொன்னார். அன்னைக்கு எங்களுக்கு டவுனுக்குப் போற நாள். டெக்னீஷியன் பொண்ணு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இங்கே நேரமாயிரும், முதல்ல டவுன்ல போய்ப் பண்ணிட்டு வந்துருங்க"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. நானும் சொன்னேன். உங்க அக்கா கேக்கல. "நான் போட்ட கடையில முதல் போணி நான்தான்"னு சொல்லிட்டு, எக்ஸ்சேஞ்சுல பிரிவு உபசார விழாவுக்குக் கட்டின புடவையை எடுத்து இஸ்திரி போட்டா. அவ்வளவு சந்தோஷமா அவளைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, அதனால நானும் வாயை மூடிக்கிட்டேன்.

பந்தல்ல முதல் வரிசையில உட்கார வச்சாங்க. பெரியவர் பிரார்த்தனையை ஆரம்பிச்சார். முதல்ல யாருங்கற சண்டையில அவர் ஜெயிச்சிருந்தார். ஆனா கடைசியில முடிக்கறவருக்குத்தான் மரியாதைன்னு யாரோ சின்னவர் காதுல போட்டிருக்காங்க, தன் முறை வந்ததும் அவர் நிறுத்தவே இல்லை. உலகத்துல இருக்கற எல்லா நாட்டுக்கும் நல்லது கேட்டார். அவர் முடிச்சதும் பெரியவர் விட்டுப்போன நாடுகளுக்காக மறுபடி எழுந்தார். வெயில் ஏறிக்கிட்டே போச்சு. அக்கா கால் வீங்கறது எனக்குத் தெரிஞ்சுது, செருப்பைக் கழட்டி விட்டேன். மத்தியானத்துக்கு மேல சேதி வந்துச்சு, அமைச்சர் பாதி வழியில இன்னொரு விழாவுல மாட்டிக்கிட்டார், இன்னைக்கு வரலைன்னு.

கூட்டம் கலைஞ்சுது. நிழற்குடை அறைக் கதவை இழுத்துப் பார்த்துப் பூட்டு சரியா இருக்கான்னு பார்த்தார். உங்க அக்கா எழுந்து அவர்கிட்ட நடந்து போனா. சத்தம் போடல, எக்ஸ்சேஞ்சுல பேசற குரல்லதான் பேசினா.

"சாவி உங்க பையில இருக்கு. மெஷின் உள்ளே இருக்கு. நான் வெளியே நிக்கறேன். இதுல அமைச்சர் எங்கே வர்றார்?"

அவர் முகத்தை நீங்க பார்த்திருக்கணும் மாப்பிள்ளை. கல் நெஞ்சக்காரன் முகம் இல்லை அது. "அமைச்சர் இல்லாம திறந்தா நாளையிலேர்ந்து இந்த ஊருக்கு ஒண்ணும் வராது அம்மா, டெக்னீஷியன் சம்பளத்தைக்கூட நிறுத்திருவாங்க. ஒரு நாள் பொறுத்துக்குங்க"ன்னு கும்பிட்டார். அவர் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. பெரியவரும் சின்னவரும் ஆளுக்கொரு பக்கம் நின்னு அக்காவுக்காகப் பிரார்த்தனை பண்றதாச் சொன்னாங்க. நிஜமாவே பண்ணினாங்க, சாயங்காலம் ரெண்டு ஸ்பீக்கர்லயும் கேட்டுச்சு. அமைச்சர் வர்றார்னு காலையில நிறுத்தின டவுன் பஸ்ஸை இருட்டற வரைக்கும் விடவே இல்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா, அன்னைக்கு இடம் முடிஞ்சுது, காலையில முதல் ஆளா வாங்கன்னாங்க.

விடியறப்ப அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. பக்கத்து வீட்டு வண்டியில நான்தான் ஓட்டிக்கிட்டு நம்ம மருத்துவமனைக்குப் போனேன். அவளைப் படுக்க வச்ச இடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவுல ஒரு சுவர்தான். டெக்னீஷியன் பொண்ணு ஓடி வந்து பூட்டைக் கல்லால இடிச்சா. நிழற்குடையே சட்டைகூடப் போடாம சாவியோட ஓடி வந்தார். யாரையும் கேக்கல, அமைச்சரை நினைக்கல, சாவியை நீட்டினார். அந்தப் பொண்ணு வாங்கித் திறந்தா. உறையைக் கிழிச்சு மெஷினை ஓட விட்டு, அது தயாராகறதுக்குள்ள உங்க அக்கா என் கையைப் பிடிச்சிருந்த பிடி தளர்ந்துபோச்சு. என்கிட்ட கடைசியாப் பேசினது வண்டியிலதான். "மெதுவா ஓட்டுங்க"ன்னா. நான் மெதுவாத்தான் ஓட்டினேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், யார்கிட்ட சொல்றேன்னு தெரியல.

அன்னைக்கே திரும்பப் பூட்டிட்டாங்க. சாவோட திறந்த அறைன்னு பேர் வந்துருமாம், நல்ல நாள் பார்க்கணுமாம்.

இப்ப யார் மேல கோபப்படறது, சொல்லுங்க. மன்றம் இல்லைன்னா மெஷின் இல்லை. நிழற்குடை இல்லைன்னா அறை இல்லை. கட்டினவங்களும் அவங்கதான், பூட்டினவங்களும் அவங்கதான். நம்மள மாதிரி நாட்டுல ஒரு நல்லது நடக்கணும்னா இவங்க தோள்ல ஏறித்தான் வரணும், அவங்க இறக்கி வைக்கற வரைக்கும் கீழே நிக்கறவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இப்ப ரெண்டு மன்றத்து வாசல்லயும் அக்கா படம் இருக்கு, எங்கள் மகள்னு போட்டிருக்கு. நிழற்குடை ஒட்டின போஸ்டர்ல அவ படத்தைவிட அவர் படம் கொஞ்சம் சின்னது, அது அவர் செலுத்தின மரியாதை. இதுக்கு மேல அவ பேரைக் கதவுல எழுதினா, அதைத் திறக்க ஒரு விழா, அதுக்கு ஒரு அமைச்சர், முதல்ல யார்ங்கற சண்டை. செத்த பிறகும் அவளை வெயில்ல உட்கார வைக்க என்னால முடியாது. உங்கள் அலுவலகத்திலும் இதையே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். எக்காரணம் கொண்டும் என் சம்மதம் இல்லை.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பெரியவளின் படிப்பு நல்லபடியாக முடியட்டும், சின்னவனுக்குச் சளி பிடிக்காமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கதவுகள் தட்டினதும் திறக்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: தபால்ல போடக் கிளம்பும்போது டெக்னீஷியன் பொண்ணு வந்தா. அடுத்த தெருவுல தையல் கடை வச்சிருக்கற அம்மாவுக்கும் கிட்னி போயிருச்சாம், டவுனுக்கு அலைய முடியலையாம். பெரியவரும் சின்னவரும் நிழற்குடையும் உட்கார்ந்து பேசினதுல ஒண்ணே ஒண்ணுலதான் ஒத்துப்போனாங்களாம்: அக்கா பேர்னா கல்வெட்டு வேண்டாம், அமைச்சர் வேண்டாம், பிரார்த்தனையை அவங்கவங்க மன்றத்துலயே வச்சுக்கலாம். செத்தவளோட போட்டி போட்டு முன்னாடி நிக்க யாருக்கும் தைரியம் இல்லை போல. நான் சம்மதம் சொன்னா நாளைக்குக் காலையிலேயே திறந்துருவாங்களாம். சம்மதம்னு அவகிட்டயே சொல்லி அனுப்பிட்டேன். ஆகவே மேலே எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. பேரை எழுதச் சொல்லுங்க, தப்பா எழுதினாலும் பரவாயில்லை, பெருசா எழுதச் சொல்லுங்க. அந்தத் தையல்கார அம்மாவோட வீட்டுக்காரர் ரொம்பப் பயந்த சுபாவமாம், அவங்க உள்ளே படுத்திருக்கற நேரமெல்லாம் வெளியே எப்படி உட்கார்ந்திருக்கறதுன்னு அவருக்குத் தெரியலையாம். கூட உட்கார நான் போறேன்.