மீகோனின் கிணறு

"உன் பேரு தோத்துப்போச்சு, மீகோன்" என்றார் எண் சோதிடர் தெயோக்லேஸ், மெழுகுப் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

மீகோன் கம்பளிக்குச் சாயம் தோய்ப்பவன். வழக்கு விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் பெயர் மட்டும் முன்னதாகப் போய்த் தோற்றுவிட்டு வந்திருந்தது.

வழக்கு ஒரு கிணற்றைப் பற்றியது. ஸ்மிர்னா நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில், மீகோனின் வீட்டுக்கும் தோர்கோனின் குளியல் விடுதிக்கும் நடுவே நின்ற மதில் விழுந்தது. மதில் விழுந்ததும் கிணறு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. கிணறு போனால் சாயத்தொட்டி போகும். சாயத்தொட்டி போனால் ரொட்டி போகும். ஆனால் கிணற்றைத் தோண்டிய பாட்டனார் அதன் வாய்க்கல்லில் 'மீகோனின் கிணறு' என்று ஆழமாக வெட்டிவைத்திருந்தார். பாட்டனின் பெயரே பேரனுக்கும். கண்ணுள்ள எவனும் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடிய வழக்கு. ஆகவேதான் மீகோன் கண்ணை மூடிக்கொண்டு சோதிடரிடம் போனான்.

தெயோக்லேஸ், எண்ணே இறைவன் என்ற பழைய ஞானிகளின் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்பவர். வெள்ளை உடுப்பார். அவர்கள் விதித்தபடி அவரையைத் தொடமாட்டார், அடுத்தவரை விடமாட்டார்.

"எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு எண்" என்றார். "உன் எழுத்தையெல்லாம் கூட்டினா தொள்ளாயிரத்து இருபது. ஒம்பது ஒம்பதாக் கழிச்சா மிச்சம் ரெண்டு. தோர்கோனைக் கழிச்சுக்கிட்டே போனா கடைசியில ஒம்பது நிக்குது."

"ரெண்டைவிட ஒம்பது பெரிசு. அவ்வளவுதானா, ஐயா?"

"அவ்வளவு சுலபமா இருந்தா எனக்கு எதுக்கு வெள்ளை உடுப்பு? ஒண்ணு ஒத்தப்படை, ஒண்ணு ரெட்டைப்படைன்னா பெரிசு ஜெயிக்கும். ரெண்டும் ஒரே இனம்னா சிறிசு ஜெயிக்கும்."

மனிதரைப் பிரித்தது போதாதென்று எண்களையும் இனம் பிரித்துவைத்த ஞானம் அது.

"பேருக்குள்ள ஒரு சின்னக் கோடு சேர்த்துடு, அதுவும் ஒரு எழுத்துதான். மீகியோன். மிச்சம் மூணு. மூணும் ஒம்பதும் ஒத்தப்படை. சிறிசு ஜெயிக்கும். கோட்டுக்கு ஒரு பொதி கம்பளி."

வீட்டில் மனைவி அம்மியா சாயத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கல்லுல பாட்டன் பேரு இருக்குங்க. நமக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அதைப் போயி மாத்துறேங்கிறீங்களே."

"கல்லு பேசாது அம்மியா. எண் பேசும்."

"பேசுறது எண் இல்லீங்க. தெயோக்லேஸ்."

பகுத்தறிவு எதிரே வந்து நின்றால் ஆண்மகன் செய்வதைத்தான் மீகோனும் செய்தான்: செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

நகரப் பதிவேட்டு எழுத்தர் பாப்பியாஸ், மைபடிந்த விரலால் ஒரு வரியைச் சுட்டினார். "இதைச் சத்தியமாச் சொல்லணும். 'பழைய பேருல எனக்கு இனிமே எந்த உரிமையும் இல்லை.'"

"எதுக்குங்க அது?"

"ஒரே ஆளு ரெண்டு பேருல திரிஞ்சா ரெண்டு தலைவரி போடவேண்டிவரும்."

மீகோன் உடனே சத்தியம் செய்தான். வீடு திரும்பி, உளியெடுத்து, கல்லிலும் அந்தக் கோட்டைச் செருகினான். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே அது, கூட்டத்தில் சிக்கிய நோஞ்சானைப் போல் நின்றது.

மூன்றாம் நாள் சந்தையிலிருந்து அம்மியா செய்தி கொண்டுவந்தாள். "தோர்கோன் பேரை மாத்திக்கிட்டானாம். இனிமே மோஸ்கோஸாம். காளை மாடு மாதிரி இருக்கிறவனுக்குக் கன்னுக்குட்டின்னு பேரு."

இருவரும் சோதிடரிடம் ஓடினார்கள். அன்று தெயோக்லேஸின் மேனி பளபளத்தது. குளியல் விடுதி எண்ணெயின் மணம் அறை முழுதும் வீசியது.

"மோஸ்கோஸுக்கு மிச்சம் ஒண்ணு" என்றார் வருத்தத்தோடு. "ஒண்ணும் மூணும் ஒத்தப்படை. சிறிசு ஜெயிக்கும். நீ தோத்தே."

"அவனுக்கு யாருங்க இதைச் சொல்லிக்குடுத்தது?"

தெயோக்லேஸ் கூரையைப் பார்த்தார். "ஞானம் காத்துல பரவும்."

அம்மியா விரலை மடக்கி எண்ணினாள். "ஒண்ணு ஒத்தப்படை, ரெண்டு ரெட்டைப்படை. அப்போ ஒண்ணை ரெண்டு ஜெயிக்கும். ரெண்டு இவரோட பழைய பேருதானே, ஐயா? அதையே வச்சுக்கிட்டா என்ன?"

தெயோக்லேஸ் மெழுகுப் பலகையைக் கவிழ்த்துவைத்தார்.

"கழட்டின பேரைத் திரும்ப மாட்டினா, தாயே, அது ஆளையே மாட்டிவிட்டுடும்" என்றார் தெயோக்லேஸ். "கோட்டை எடுத்துட்டு, நடு எழுத்தை ரெட்டிப்பாக்கு. மீக்கோன். மிச்சம் நாலு. ஒண்ணை நாலு ஜெயிக்கும். எழுத்து கொஞ்சம் பெரிசு, ரெண்டு பொதி."

மறுபடி பதிவேடு, மறுபடி சத்தியம், மறுபடி உளி. இம்முறை கல்லின் விளிம்பே பெயர்ந்து கிணற்றுக்குள் விழுந்தது. அம்மியா எட்டிப் பார்த்தாள்.

"பாட்டன் குதிச்சுட்டாரு" என்றாள்.

விசாரணை நாள் வந்தது. குளியல் விடுதிக்காரன் எண்ணெய் பூசிய தலையோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தான். நீதிபதிகள் ஐவரும் காலையிலேயே கிணற்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

மூத்த நீதிபதி எழுந்தார். "கல்லு தெளிவாச் சொல்லுது. அண்மையில எவனோ ஒரு மடையன் அதைக் கிறுக்கி, விளிம்பையும் உடைச்சிருக்கான். இருந்தாலும் அடியில இருக்கிற பழைய வெட்டு அழியல. இதுல யோசிக்க ஒண்ணுமில்லை. கிணறு மீகோனுக்கே சொந்தம்."

சாயக்காரன் துள்ளி எழுந்தான். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டான். "பாத்தியா அம்மியா? எண் பேசிடுச்சு."

"உக்காருப்பா" என்றார் நீதிபதி. "உன் பேரு என்ன?"

"மீக்... மீகோன்தாங்க."

எழுத்தர் பாப்பியாஸ் பதிவேட்டைப் புரட்டினார். "இல்லீங்க. இவரு மீக்கோன். அதுக்கு முந்தி மீகியோன். மீகோன்ங்கிற பேருல தனக்கு எந்த உரிமையும் இல்லைன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. அழுத்தமாவே பண்ணினாரு."

"ஐயா, எங்க பாட்டன் பேருங்க அது. தொட்டில்ல போட்ட நாள்லேருந்து..."

"சத்தியம் பண்ணினியா, இல்லையா?"

சாயக்காரன் தலை கவிழ்ந்தது. மன்றத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி சலிப்போடு நெற்றியைத் தேய்த்தார்.

"தீர்ப்பு சொல்லியாச்சு, மாத்தமுடியாது. கிணறு மீகோனுக்குத்தான். ஏன்யா பாப்பியாஸ், இந்த ஊருல மீகோன்னு ஒருத்தன்கூடவா இல்லை?"

பாப்பியாஸ் மைவிரலைக் கடைசி ஏட்டில் வைத்தார்.

"இருக்காருங்க. நேத்து சாயங்காலம்தான் பதிஞ்சாரு. அதுக்கு முந்தி மோஸ்கோஸ். அதுக்கும் முந்தி தோர்கோன்."