சிரிக்கச் சொன்னது கம்ப்யூட்டர்

“என் வீட்டுக்காரர் தவறிட்டார் தம்பி. அவர் போன் கனெக்‌ஷனை ரத்து பண்ணணும்” என்றாள் மறுமுனையில் ஓர் அம்மாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் திரையின் மூலையிலிருந்த பொம்மை முகம் சிவந்தது. ‘உங்கள் முகத்தில் உற்சாகம் போதவில்லை. சிரியுங்கள்!’

போனை எடுத்த மாப்பிள்ளை அவசரமாக உதட்டை விரித்தான். ஆபீஸ் முழுக்க அவனுக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். சூபர்வைசர் அவன் பெண்டாட்டியின் தம்பி. வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை உற்சாகப்படுத்த, அவர்களுக்கு அதிகாரம் கொடுக்க என்று சொல்லி ஒரு புது சாஃப்ட்வேரை இறக்கியிருந்தார்கள். கேமரா வழியாக மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கும். பொம்மை சிவந்தே கிடந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

“இந்த வேலையும் போச்சுன்னா அப்படியே போயிடுங்க, வீட்டுப் பக்கம் வராதீங்க” என்றுதான் பெண்டாட்டி காலையில் வழியனுப்பியிருந்தாள்.

“எப்படிம்மா போனார்?” கேட்டுக்கொண்டே பல்லைக் காட்டினான்.

“தூக்கத்துலயே போயிட்டார்ப்பா.”

‘போதவில்லை. இன்னும் கொஞ்சம்!’

“ஹஹ்ஹஹ்ஹா!”

பொம்மை பச்சையானது.

“எதுக்குச் சிரிக்கிறீங்க?”

“இல்லம்மா... அது வந்து...”

லைன் கட்.

லைனை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சூபர்வைசர் பாய்ந்து வந்தான். “துக்கம் சொல்ற பொம்பளைகிட்டயா மாமா சிரிப்பீங்க?”

“உன் மெஷின்தானேடா சிரிக்கச் சொல்லுச்சு?”

“ஆபீஸ்ல ‘டா’ போடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள அந்தம்மா உங்களுக்கு அஞ்சு நட்சத்திரம் போடணும். இல்லைன்னா அக்கா முகத்துக்காகக்கூட என்னால காப்பாத்த முடியாது.”

மாப்பிள்ளை குரலில் தேன் தடவிக்கொண்டு திரும்பக் கூப்பிட்டான்.

“அம்மா, பயப்படாதீங்க. நீங்க பேசினது பூரா இங்க பதிவாயிருக்கு. விஷயம் மேல போறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் சுமுகமா முடிச்சுக்கலாம்.”

“என்ன... என்ன வேணும் உங்களுக்கு?”

“அஞ்சு நட்சத்திரம்மா. எனக்கும் குடும்பம் இருக்கு.”

மறுபடி கட்.

இப்போது பொம்மை கண்ணடித்தது. ‘உங்களுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது! மனம் நொந்த வாடிக்கையாளருக்கு நீங்களே ஆறுதல் செய்தி அனுப்பலாம்.’

முன்பின் யோசிக்காமல் பட்டனைத் தட்டினான். செய்தி பறந்த பிறகுதான் படித்தான்.

‘அன்புடையீர்! தங்கள் கணவர் தொடர்பான விஷயத்தைத் தனிக் கவனத்துடன் விசாரித்து வருகிறோம். எங்கள் ஊழியர் விரைவில் தங்கள் இல்லம் தேடி வருவார்.’

“ஐயையோ! புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இதுவா ஆறுதல்?” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

பொம்மை சிவந்தது. சிரித்துக்கொண்டே அடித்துக்கொண்டான்.

“பையை எடுத்துக்குங்க மாமா” என்றான் சூபர்வைசர், முகத்தைப் பார்க்காமல்.

அப்போது லைன் வந்தது. அதே அம்மாள்தான். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல் ரகசியக் குரல்.

“தம்பி, அஞ்சு நட்சத்திரமும் போட்டுட்டேன். இன்னும் என்ன கேட்டாலும் தர்றேன். தலையணையை வச்சு நான் அமுக்கினதை மட்டும் போலீஸ்ல சொல்லிடாதீங்க!”