குறைக்க முடியாத மனு

சும்மா இருப்பதையும் ஒரு வேலையாகக் கணக்கில் சேர்த்தவர் மலாயாவின் ஜொகூர் சீமையிலேயே ஆறுவழியார் ஒருவர்தான். லாயாங் லாயாங் ஸ்டேஷனை ஒட்டிய ரப்பர் கிடங்கில் அவர் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒருநாள் தோட்டத்துத் துரை உள்ளே நுழைந்தபோது மனிதர் கூரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன செய்கிறாய்?" என்று துரை அதட்டினார்.

"முதல் செயல், துரை. எல்லாத்தையும் இருந்த இடத்துலேயே விடுறது. அதைச் சேர்த்துக்கலேன்னா மத்த செயல் எதுவும் சரியா வராது."

துரைக்கு அரைகுறைத் தமிழ். சரக்கைப் பத்திரமாக வைத்திருப்பதைச் சொல்கிறார் என்று நினைத்து, "குட்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று பொருளை ஆறு வழியில் வரிசைப்படுத்தலாம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னதால் வந்த பெயர் ஆறுவழியார். சொன்னதோடு விட்டாரா? ராவுத்தர் கடையில் தினமும் ரொட்டி, மீன் குழம்பு, தேத்தண்ணி. திங்கட்கிழமை ஊரைப் போலச் சாப்பிடுவார். செவ்வாய்க்கிழமை முதலில் குழம்பை மட்டும் குடிப்பார், பிறகு தேத்தண்ணி, கடைசியில் வறட்டு ரொட்டி. சனிக்கிழமையோடு ஆறு வழியும் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் பட்டினி கிடப்பார்.

"அலமாக்! என் குழம்பு நல்லா இல்லேன்னு ஊர் பேசப்போவுதுங்க. மூஞ்சியைச் சுளிக்காமலாவது குடிங்க லா!" என்று ராவுத்தர் மலாய்ப் பேச்சு கலந்து கெஞ்சுவார்.

அந்தக் கடை மாடியில் ஓர் அறையில்தான் நானும் ஆறுவழியாரும் குடியிருந்தோம். நான் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். ஊரிலிருந்து வந்து நாலு வருஷம். என்னை நம்பி அங்கே அம்மாவும் மூன்று தங்கைகளும். காலை ஐந்தரைக்கு ஆறுவழியார் என்னை உலுக்கி எழுப்புவார். "எந்திரிங்க தம்பி. மெத்தைக்கு நாலு நிலை இருக்கு. உங்க மெத்தை மூணு நாளா ஒரே நிலையில கிடக்குது, பாவம்." நான் எழுந்திருக்க மறுத்த ஒருநாள், என்னோடு சேர்த்தே மெத்தையைப் புரட்டிப்போட்டார். தரையில் கிடந்த எனக்கு அன்று அவர்மேல் வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

மதராஸில் அவர் பி.ஏ. கணக்கில் தேறினாரா, தவறினாரா என்பது அவருக்கே தெரியாது. முடிவு வருவதற்குள் கப்பல் ஏறிவிட்டார். ஆனால் அந்தக் கணக்கு மட்டும் அவரை விடவில்லை. சிங்கப்பூர்ப் புத்தகக் கடைக்கு எழுதிப்போட்டு, சீமையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை வரவழைக்க ஏற்பாடு செய்தார்.

"என் பேருல வந்தா, கிராணி வேலை செய்யாம படிக்கிறான்னு துரை சீட்டைக் கிழிச்சிருவாரு. உங்க பேருல வரட்டும் தம்பி."

நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நாலு பேர் கூடிப் பேசினாலே போலீஸ் எட்டிப்பார்க்கும். ஒரு மத்தியானம் மலாய்க் கான்ஸ்டபிள் ஒருவர் பார்சல் ஜன்னலுக்கு வந்து என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அடுத்த வண்டியில் என்னைக் குளுவாங் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

அங்கே வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரின் மேசைமேல், என் பேருக்கு வந்த வழியிலேயே பிடிபட்ட அந்தப் புத்தகம் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் ஜரிகைத் தலைப்பாகையோடு துபாஷி நின்றார். துரைக்கும் நம்மவர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பதுதான் அவர் உத்தியோகம். கணக்கு வாசனையே இல்லாத அந்த மனுஷன், இங்கிலீஷ் வார்த்தைகளுக்குத் தமக்குத் தெரிந்த அர்த்தத்தைச் சொல்லி என் கழுத்துக்குக் கயிறு திரித்தார்.

"குரூப்னு போட்டிருக்கு. அப்படின்னா கூட்டம். ரெப்ரசென்டேஷன்னா மனு. சர்க்காருக்குக் கூட்டம் சேர்ந்து போடுற மனு! அதுவும் எப்படிப்பட்ட மனு? இர்ரெடியூசிபிள்! குறைக்க முடியாதது! ஆள் குறைப்பே கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கான்!"

"ஐயா, அது கணக்குப் புத்தகமுங்க."

"கணக்குல கேரக்டர் எதுக்கு? இதோ பக்கம் பக்கமா கேரக்டர் டேபிள். யார் யார் நடத்தை எப்படின்னு பட்டியல்!"

பட்டியலில் ஆள் பெயருக்குப் பதில் வெறும் எண்கள் இருந்தன. ரகசிய பாஷை என்று முடிவு கட்டினார்கள். வேலை போகும், அடுத்த கப்பலில் நாகப்பட்டினம், வாசலில் அம்மாவும் தங்கைகளும். இந்த இடத்தில், நண்பரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று எழுத ஆசைதான். உடனே காட்டிக்கொடுத்தேன். ஆனால் அதுவும் எனக்கே வினையாக முடிந்தது.

"புத்தகம் என்னுது இல்லீங்க. ஆறுவழியாரோடது."

"அவன் நிஜப் பேரு என்ன?"

இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன், சத்தியமாக எனக்குத் தெரியாது. துபாஷி துள்ளிக் குதித்தார். "துரை, இது சங்கத்துக்குள்ள வெச்சிருக்கிற புனைபேரு!"

என்னை எதிர்ச்சுவர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கூட்டிவந்த கான்ஸ்டபிள் பக்கத்தில் காவல் நின்றார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் ஏதோ சலசலப்பு. வியர்வையில் நனைந்த சட்டையோடு, கிடங்குச் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி ஆறுவழியார் உள்ளே நுழைந்தார். நேரே இன்ஸ்பெக்டர் முன்னால் போய், நல்ல இங்கிலீஷில், தம் முழுப் பெயரையும் வேலை பார்க்கும் இடத்தையும் சொன்னார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

"புத்தகம் என்னுடையது. இந்தத் தம்பி பேரில் தருவித்தது என் தப்பு. இவருக்குப் பெருக்கலே தகராறு. இவரைச் சந்தேகப்படுவது கணக்குக்கே அவமானம்."

"அப்படியானால் கேரக்டர் என்றால் என்ன?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

ஆறுவழியார் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசைமேலிருந்த இன்ஸ்பெக்டரின் வெள்ளைத் தொப்பியை எடுத்து அவர் தலையிலேயே வைத்தார். "துரை தொப்பி, துபாஷி தலைப்பாகை, கான்ஸ்டபிள் குல்லா. அவரவருடையது அவரவர் தலையில். சரியான இடத்தில் இருப்பவை மூன்று. இந்தச் செயலுக்குக் கேரக்டர் மூன்று." சொல்லிக்கொண்டே துபாஷியின் தலைப்பாகையைக் கழற்றித் துரை தலையில் கவிழ்த்து, துரையின் தொப்பியைத் துபாஷி தலையில் வைத்து அமுக்கினார். "இப்போது கான்ஸ்டபிள் மட்டும்தான் சரி. கேரக்டர் ஒன்று."

இனி எனக்குக் கப்பல்கூட இல்லை, தூக்குதான் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் ஜரிகைத் தலைப்பாகையோடு துபாஷியைப் பார்த்தார். துபாஷி காதுவரை இறங்கிய தொப்பிக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். முதலில் சிரித்தது கான்ஸ்டபிள். அடுத்தது இன்ஸ்பெக்டர். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஆறுவழியார் கொஞ்சமும் சிரிக்காமல் மிச்ச நாலு வழியையும் செய்து காட்டினார். யாரும் மாற்றாத முதல் வழியில் மூன்று, இருவர் மட்டும் மாற்றிக்கொள்ளும் மூன்று வழியில் ஒவ்வொன்று, மூவரும் சுற்றி மாற்றிக்கொள்ளும் இரண்டு வழியில் பூஜ்யம். எல்லாம் கூட்டினால் ஆறு. ஆறு வழிக்கு ஆறு, ஆகச் சராசரி ஒன்று. "எத்தனை தொப்பி ஆனாலும் சராசரி ஒன்றுதான், துரை."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. என் ரயில்வே தொப்பியையும் சேர்த்தார். நாலு தலைக்கு இருபத்துநாலு வழி. அத்தனையையும் காகிதத்தில் தாமே எழுதிக் கூட்டிப் பார்த்தார். இருபத்துநாலு வந்தது. பென்சிலைக் கீழே போட்டார்.

"இது மனு இல்லை. யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாத சமாசாரம். எடுத்துக்கொண்டு போங்கள்."

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆறுவழியாருக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. "உபயோகம் இல்லையா? துரை, அணுவுக்குள்ளே..." என்று ஆரம்பித்தார். வாயைப் பொத்தி, புத்தகத்தோடு அவரையும் தெருவுக்கு இழுத்துவந்தேன்.

ரயில் ஸ்டேஷன்வரை அவரைத் திட்டித் தீர்த்தேன். மெத்தையில் தொடங்கி மனுவரைக்கும் ஒன்றையும் விடவில்லை. அவர் கூடவே நடந்தார். என் வாய் ஓய்ந்த பிறகுதான் அவர் கையிலிருந்த சாவிக்கொத்தை நன்றாகப் பார்த்தேன்.

"கிடங்கைப் பூட்டுனீங்களா அண்ணே?"

"இல்ல தம்பி."

"யாருகிட்டயாவது சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"ஐயோ, துரை வந்து பார்த்தா உங்க சீட்டு கிழிஞ்சிருமே!"

"ஆமா. நீங்க உள்ள உட்கார்ந்திருக்கீங்கன்னு ராவுத்தர் சொன்னாரு. வந்துட்டேன்."

தோட்டத்துத் துரை அன்று சிங்கப்பூர் போயிருந்தார் என்பதும், ராவுத்தரே கிடங்கு வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார் என்பதும் திரும்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஆனால் குளுவாங் பிளாட்பாரத்தில் நின்றபோது அது தெரியாது. கடல் தாண்டி வந்த நாலு வருஷத்தில் என்னைத் தேடிக்கொண்டு யாரும் எங்கும் வந்ததில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்; வண்டி வரும்வரை விடவில்லை.