கவாத்தும் கொத்துக் கொத்தாய்க் காய்த்த மாமரமும்

திருவண்ணாமலையில் விதவிதமான மனிதர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மரத்தைப் பார்த்து "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கவாத்து.

கரண்ட் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவது அவர் தொழில். கிளை வெட்டுவதைக் கவாத்து என்பார்கள், தொழிலே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஒரு கிளையை வெட்டுமுன் மரத்திடம் கால் மணி நேரம் மன்னிப்புக் கேட்பார். அதுவரை தெருவே கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டிருக்கும்.

செங்கம் ரோடு பக்கம் நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு மாமரம். கொட்டையிலிருந்து முளைத்து எட்டு வருஷமாகியும் காய்க்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் சரோஜாக்கா, ஊர் வழக்கப்படி அதில் பழைய விளக்குமாற்றைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு செருப்பு. மரத்துக்கு மானம், ரோஷம் எதுவும் வரவில்லை.

"அவசரப்படாதீங்கக்கா" என்றார் கவாத்து. "சின்ன வயசுல ஒசரம் போறதுதான் அதுக்கு வேலை. பக்கத்து மாடி வெய்யில மறைக்குதுல்ல, அதத் தாண்டணும். அப்புறம் அடிமரம் தடிக்கணும். காத்தடிச்சா நிக்கணும்ல? இருக்கிறது ஒரு தட்டு சோறு. எல்லாத்துக்கும் பங்கு போட்டு மிச்சம் இருந்தாதான் காய்."

"அதான் நீ இன்னும் கல்யாணம் பண்ணலியா?"

"நான் இன்னும் ஒசரம் போயினு இருக்கேன்க்கா."

அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. உயரம் ஐந்தடி.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மரம் இலையே தெரியாமல் பூத்தது. பங்குனியில் கொத்துக் கொத்தாய்ப் பிஞ்சு. சரோஜாக்கா ஊறுகாய் ஜாடிகள் வாங்கிக் கழுவிக் கவிழ்த்தே விட்டார். பெருமையைக் காட்டக் கவாத்தையும் கூப்பிட்டார். வந்தவர் அன்றைக்கு "சாப்டியா?" கேட்கவில்லை. மேலே பார்த்த முகம் வாடி, தரையைப் பார்த்தது.

"எப்பக்கா சிமெண்ட் போட்டீங்க?"

"போன ஐப்பசில. பௌர்ணமிக்கு வர்றவங்க காரு நிறுத்தத்தான்."

"அடிமரம் வரிக்கும் பூசி வெச்சிருக்கீங்க. வேருக்குத் தண்ணி எறங்கல. இது சந்தோஷத்துல காய்க்கலக்கா. இனிமே பொழைக்க மாட்டோம், கொட்டையாவது மண்ணுல விழட்டும்னு கையில இருக்கிறதெல்லாம் வாரி எறைக்குது. இப்படியே உட்டா அடுத்த வருஷம் வெறகுதான்."

சரோஜாக்கா சிரித்தார். காய்க்காத மரத்தைத் திட்டலாம். காய்த்த மரத்தைப் போய் யாராவது நோயாளி என்பார்களா?

பௌர்ணமியன்று விடியற்காலையில் அவர் கிரிவலம் கிளம்பியதும் கவாத்து கடப்பாரையோடு வந்தார். மரத்தைச் சுற்றி நாலடிக்குச் சிமெண்டைப் பெயர்த்து, பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினார். பிறகு மேலே ஏறி, அத்தனை பிஞ்சையும் பறித்துப் போட்டார். மலை சுற்றிப் புண்ணியத்தோடு திரும்பிய சரோஜாக்கா, வாசலில் சிமெண்ட் குவியலையும் பிஞ்சுக் குவியலையும் பார்த்து அலறினார்.

"அடப்பாவி! எறங்குடா கீழ!"

"இருங்கக்கா, இன்னும் ஒரு கொத்து இருக்குது."

ஏணியைப் பிடித்திருந்தவன், அக்கா தெருமுனையில் வரும்போதே ஓடி ஒளிந்துவிட்டான். அது நான்தான். சரோஜாக்கா இந்தப் பத்திரிகையை வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து கவாத்துக்குக் கேட்டுக்குள் அனுமதி இல்லை. தினமும் காலையில் மதில் சுவருக்கு வெளியே நின்று, எட்டிப் பார்த்துக் கேட்பார்: "சாப்டியா?" மறுவருஷம் மரம் தளதளவென்று தழைத்தது. காய் ஒன்றுகூட இல்லை. "அடுத்த வருஷமும் இப்படியே நின்னா வெட்டிட வேண்டியதுதான்" என்றார் சரோஜாக்கா. கொஞ்ச நாளில் கவாத்துக்கு முழங்கால் மடங்காமல் போகவே, போளூரில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார்.

இந்த வருஷம் நிதானமாக, இலைகளுக்கு நடுவே முப்பது காய். முதலில் பழுத்ததை சரோஜாக்கா முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"அந்தப் பாவிக்குக் குடுத்துட்டு வாங்க. அவன் தின்னாம இங்க யாரும் வாயில வெக்கக் கூடாது."

போளூரில் கவாத்து பழத்தை மோந்து பார்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எல ஜாஸ்தியா இருக்குதா சார்?"

"நல்லா அடர்த்தியா இருக்கு."

"அப்ப பொழச்சிக்கும்." மடியில் இருந்த பழத்தைத் தடவினார். "காலையில யாராச்சும் கேக்குறீங்களா சார், சாப்டியான்னு?"

"தினமும் நான்தான் கேக்குறேன்."

அதற்குப் பிறகுதான் பழத்தைத் தோலோடு கடித்தார்.

அன்றைக்கு நான் சொன்னது பொய். மறுநாள் காலையிலிருந்து பொய் இல்லை.