சம்பந்திக்கு, மினுக்குத் தூள் விஷயமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கு உங்கள் நலத்தையும் சம்பந்தியம்மாளின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல். இது மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம். எழுபத்திரண்டு வயதில் நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதியதில்லை. எப்படித் தொடங்குவது என்றும் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான். பேத்தியின் பிறந்தநாளன்று இந்த வீட்டுப் படியிறங்கிப் போனீர்கள். எட்டு வாரம் ஆகிறது. ஜன்னலோரம் நீங்கள் உட்காரும் நாற்காலியில் இப்போது இஸ்திரி போட வேண்டிய துணி கிடக்கிறது. அதைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை. எழுதுவதற்குக் காரணம் இதுவே.

அன்று காலை கேக்குக்கு மேலே தூவ மினுக்குத் தூள் தீர்ந்துவிட்டது என்று மருமகள் சொன்னாள். எடிபிள் கிளிட்டர் என்று அதற்குப் பெயராம். மாப்பிள்ளை (உங்களுக்கு மாப்பிள்ளை, எனக்கு மகன், இரண்டு பேருக்கும் பிரயோஜனமில்லை) பலூன் ஊதுகிறேன் என்று உட்கார்ந்திருந்தான். நான் போகிறேன் என்றேன். மருமகள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். முப்பத்துநாலு வருஷம் பெயிண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து, நூற்றுக்கணக்கான பொடிகளைக் கண்ணால் பார்த்தே பெயர் சொன்னவனுக்கு, ஒரு தூள் வாங்கச் சீட்டா? சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், பிரிக்கவில்லை. கடையில் ஒரு பக்கம் கேக் சாமான், எதிர்ப்பக்கம் தோரணம், வாழ்த்து அட்டை, காகிதப் பூ. கேக் பக்கத்தில் இருந்த பாட்டில் என் கட்டைவிரல் அளவு. எதிர்ப்பக்கத்தில் அதே தங்க நிறத்தில் காப்பித்தூள் பாட்டில் அளவுக்கு இருந்தது. லேபிளில் நஞ்சற்றது என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் எட்டாவதோடு நின்றவன், இங்கிலீஷைப் பெயிண்ட் டின்களைப் பார்த்தே கற்றுக்கொண்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். நஞ்சில்லை என்றால் சாப்பிடலாம் என்று முடிவு செய்தேன். கடையில் யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் மருமகள் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏன் தொந்தரவு என்று நானே கேக் மேலே தூவினேன். அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் இன்னும் தூவினேன். பிறகு எலுமிச்சை ஜூஸ் ஜாடியிலும் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன். ஜாடிக்குள் தங்கச் சுழல் மாதிரி சுற்றியது, சம்பந்தி. பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் ஏழு பேரும் ஓவென்று கத்தினார்கள். இந்த வீட்டில் என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கத்தி வெகுகாலம் ஆகிறது. கிளாஸ்களில் ஊற்றிக் கையில் கொடுத்து முடிக்கவும் நீங்கள் உங்கள் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கவும் சரியாக இருந்தது. விரலை விட்டு எடுத்தீர்கள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தீர்கள். உணவு ஆய்வாளராக இருந்தவர் ஓய்வு பெற்றாலும் விரல் ஓய்வு பெறாது போலிருக்கிறது என்று நான் மனதுக்குள் சிரித்தேன்.

"சம்பந்தி, இது கரையலையே" என்றீர்கள்.

"நல்ல சரக்கு. அதான் கரையல" என்றேன்.

"சாப்பிடற தூள் நாக்குல பட்டா கரையணும். இது பிளாஸ்டிக். பிள்ளைங்களா, யாரும் குடிக்காதீங்க!"

சொல்லிவிட்டு ஒவ்வொரு குழந்தையிடமும் போய்க் கிளாஸை வாங்கினீர்கள். ஒருத்தி விடமாட்டேன் என்று கிளாஸைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஒருத்தி அழுததும் ஏழு பேரும் அழுதார்கள். பிள்ளைகளோடு வந்திருந்த தாய்மார்களில் இரண்டு பேர் மருமகளிடம் கேக் ஆர்டர் கொடுப்பவர்கள். நாலு வருஷமாக அடுப்படியில் நின்று அவள் சேர்த்த பேர். இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. என் வீட்டில், என் கையால் ஊற்றியதை, ஒருவர் பறிமுதல் செய்கிறார் என்றுதான் தோன்றியது.

"பொண்ணு கொடுத்த வீட்டுல ரெய்டு வந்தீங்களா? சாம்பிள் எடுக்கப் பை கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை. "இதோ பாருங்க" என்று என் கிளாஸைக் குடித்தேன். உங்கள் கிளாஸையும் பிடுங்கிக் குடித்தேன். மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது என் வீட்டுக்காரி ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தப்பித்தேன் என்று இப்போது எழுதலாம். அப்போது அவள் மேலும் கோபம்தான். மறுநாள் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, "ஐயா, உள்ள ஒரே ஜொலிப்பா இருக்கே, எந்தப் பார்ட்டி?" என்று கேட்டார். மூன்றாம் நாள் வரை என் உடம்பிலிருந்து தங்கம் வெளியேறியது. இதற்கு மேல் சம்பந்திக்கு எழுதுவது முறையில்லை.

கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகும் என்று விட்டிருக்கிறேன். கடைப்பெண் சொன்னாள். "ஐயா, அது அட்டையில ஒட்டற தூள். கேக்குக்கு இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டே சொன்னாள். "நஞ்சில்லைன்னு போட்டிருக்கே" என்றேன். "குழந்தைங்க தெரியாம வாயில வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம் ஐயா. அள்ளிப் போட்டுச் சாப்பிடுங்கன்னு இல்ல" என்றாள். நான் பெயிண்ட் கம்பெனிக் கதையைச் சொன்னேன். "அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே ஐயா" என்றாள். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெரிய பாட்டிலை வாங்காமல் வெளியே வர என்னால் முடியவில்லை. உங்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரிக்குப் புரியவில்லை.

இதுவும் பெரிய விஷயமில்லை. நீங்கள் செருப்பை மாட்டும்போது நான் சொன்ன வார்த்தைதான் விஷயம். "உங்க பொண்ணு எழுதிக் கொடுத்ததைத்தான் வாங்கினேன். கேட்கறதா இருந்தா அவளைக் கேளுங்க" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் கத்தியை எடுத்துக் கேக்கின் மேல்பாகத்தையும் பக்கங்களையும் வழித்தாள், ஓரத்தில் இன்னும் மினுங்கியது, முழுவதையும் குப்பையில் போட்டாள். குழந்தைக்கு ரொட்டித் துண்டில் ஜாம் தடவி அதன் மேல் மெழுகுவர்த்தி வைத்துக் கொடுத்தாள். தெருக்கோடி வீட்டு அம்மா சனிக்கிழமை ஆர்டர் வேண்டாம் என்று போனில் சொன்னபோதும், "பரவாயில்லைங்க" என்று ஒரே வார்த்தை.

சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போடும்போது அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். "சாப்பிடக்கூடியது மட்டும். சின்ன பாட்டில். பின்னால் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று போட்டிருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பரவாயில்லை மாமா, வெயிலில் அலைய வேண்டாம்" என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று எழுத மாட்டேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் ஒரு பேச்சுக்கும் பதில் இல்லாமல் நின்றவனில்லை. அவள் வழக்கம்போல எனக்குச் சர்க்கரை போடாத காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் தெருக்கோடி வீட்டுக்குப் போய், தூவியது நான்தான், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வாசலில் நின்று சொன்னேன். அந்த அம்மா உள்ளே கூப்பிடவில்லை. ஆர்டரும் வரவில்லை.

ஆகவே சம்பந்தி, தூள் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஏழு கிளாஸை வாங்கிய விதம் கொஞ்சம் முரட்டுத்தனம் என்று இன்னும் நினைக்கிறேன், அதை மாற்றிக்கொள்ளமாட்டேன். ஆனால் என் மேல் உள்ள கோபத்தில் உங்கள் பெண்ணைப் பார்க்க வராமல் இருப்பது எந்த நியாயம்? அவள் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்கமாட்டாள். நான் கேட்கிறேன். வந்து போங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். வயதில் மூன்று மாதம் மூத்தவன் என்ற முறையில் உங்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் ஒட்ட ஸ்டாம்ப் இருக்கிறதா என்று மருமகளைக் கேட்டேன். விலாசத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்டாம்ப் எதுக்கு மாமா? நாளைக்கு அப்பா வருவார், நானே குடுத்துடறேன்" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வியாழன்தோறும் நான் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போகும் அந்த மூன்று மணி நேரம் நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்களாம். எட்டு வாரமும் தவறவில்லையாம். துணியை எடுத்து வைத்துவிட்டு அதே நாற்காலியில் உட்காருவீர்களாம். "என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலையாக்கும்" என்றேன். "இல்ல மாமா. உங்களுக்குத்தான் கூச்சமா இருக்கும், கொஞ்ச நாள் போகட்டும்னு அப்பா சொன்னார்" என்றாள். என் வீட்டுக்காரிக்கும் தெரியுமாம். ஐந்து வயதுக் குழந்தைகூட என்னிடம் மூச்சு விடவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

எழுதியது எழுதியாகிவிட்டது. கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடுகிறேன். சங்கத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிட வேண்டாம், கூப்பிட்டு வந்ததாக இருக்கக் கூடாது. படித்து முடித்ததும் ஒரு முறை இருமுங்கள், போதும். நானாக வருகிறேன்.